எத்தியோப்பியப் பருப்புக் குழம்பு மிசிர் வொட்: வீட்டில் செய்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மிசிர் வொட் என்பது என்ன?

எத்தியோப்பியாவில் வீட்டுக்கு வீடு செய்யும் காரமான பருப்புக் குழம்பு. உடைத்த சிவப்புப் பருப்பு, மலைபோல் வெங்காயம், பெர்பெரே என்ற மிளகாய் மசாலா, பூண்டு, இஞ்சி, எண்ணெய், உப்பு. இவ்வளவுதான். குழம்பு என்று எழுதினாலும் நீர்க்க ஓடாது. இன்ஜெரா என்ற புளித்த மாவு ரொட்டியின் மேல் ஒரு கரண்டி வைத்தால் வைத்த இடத்திலேயே குவிந்து நிற்க வேண்டும். நிறம் செங்கல் சிவப்பு.

எத்தியோப்பியர்கள் இறைச்சிப் பிரியர்கள் என்கிறார்களே, பருப்புக் குழம்புக்கு எப்படி இவ்வளவு மவுசு?

இறைச்சிப் பிரியர்கள்தான், ஆனால் வருடத்தில் ஏறக்குறைய பாதி நாள் அதைத் தொட மாட்டார்கள். எத்தியோப்பிய ஆர்த்தடாக்ஸ் திருச்சபையைச் சேர்ந்தவர்களுக்கு புதன், வெள்ளி இரண்டும் நோன்பு நாள், ஈஸ்டருக்குப் பிந்தைய 50 நாள் மட்டும் இதற்கு விலக்கு. ஈஸ்டருக்கு முன் 55 நாள் பெருநோன்பு வேறு. அந்த நாட்களில் இறைச்சி, முட்டை, பால், வெண்ணெய் எதுவும் கூடாது. நம் ஊர் விரதத்தில் பாலும் நெய்யும் தாராளமாக ஓடும், அங்கே அதுவும் கிடையாது. அதனால் பருப்பையும் கீரையையும் வைத்தே ஒரு முழு விருந்து போடும் அளவுக்கு அவர்கள் கை தேறிவிட்டது. உணவகத்தில் பெயாய்நெத்து என்று கேட்டால் ஒரு பெரிய இன்ஜெராவின் மேல் ஏழெட்டு வகை குட்டிக் குட்டிக் குவியலாக வரும். அதில் சிவப்பாக இருக்கும் குவியல் பெரும்பாலும் மிசிர் வொட்தான்.

எந்தப் பருப்பு வாங்க வேண்டும்?

தமிழ்நாட்டுக் கடைகளில் மைசூர் பருப்பு அல்லது மசூர் பருப்பு என்று கேளுங்கள். இலங்கையில் பருப்பு என்றாலே இதுதான், விளக்கம் தேவையில்லை. தோல் நீக்கி உடைத்த, ஆரஞ்சு நிறப் பருப்பு. துவரம்பருப்பு போட்டால் சாப்பிடலாம், ஆனால் துவரைக்கு என்று ஒரு வாசம் இருக்கிறதே, அது பெர்பெரேயோடு ஒட்டாது, கடைசியில் ஒரு விசித்திரமான சாம்பார்தான் மிஞ்சும். பாசிப்பருப்பு ரொம்பக் குழைந்துவிடும்.

நாலு பேருக்கு என்ன அளவு?

மைசூர் பருப்பு 200 கிராம், வெங்காயம் அரைக் கிலோ (ஆமாம், அரைக் கிலோ), எண்ணெய் 80 மில்லி, பெர்பெரே 2 மேசைக்கரண்டி குவித்து, பூண்டு 6 பல், இஞ்சி ஒரு விரல் நீளம், சுடுதண்ணீர் முக்கால் லிட்டர், உப்பு. எண்ணெய் அதிகமாகத் தெரிகிறதா? பல எத்தியோப்பிய வீடுகளில் இதைவிடக் கூடுதலாகவே ஊற்றுவார்கள். 50 மில்லிக்குக் கீழே போனால் பெர்பெரே வதங்காமல் சட்டியில் ஒட்டிக் கருகும், அதனால் அதற்கு மேல் குறைக்க வேண்டாம்.

வெங்காயத்தை எண்ணெய் இல்லாமல் வதக்கச் சொல்கிறார்கள். உண்மையாகவா?

உண்மை. முழுச் சமையலிலும் மிக முக்கியமான இடம் இதுதான், பெரும்பாலானவர்கள் அவசரப்பட்டுத் தாண்டிப்போகும் இடமும் இதுதான். பருப்பு இருபது நிமிடத்தில் தானாக வெந்துவிடும், அதில் கைத்திறன் ஒன்றும் இல்லை. வொட்டின் ருசியும் கெட்டித்தன்மையும் வெங்காயத்திலிருந்து வருகின்றன.

அடி கனமான சட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். வெங்காயத்தை எவ்வளவு பொடியாக முடியுமோ அவ்வளவு பொடியாக நறுக்கிப் போட்டு, எண்ணெய் ஊற்றாமல், உப்பும் போடாமல், மிதமான தீயில் கிளறிக்கொண்டே இருங்கள். முதல் இரண்டு மூன்று நிமிடம் கண் எரியும். அப்புறம் வெங்காயம் தண்ணீர் விடும், அந்தத் தண்ணீரிலேயே வேகும். தண்ணீர் வற்ற வற்ற வெள்ளையாக இருந்தது கண்ணாடி போலாகி, பிறகு லேசாகப் பழுப்பேறும். அடி பிடிப்பது போலத் தெரிந்தால் ஒரு கரண்டி தண்ணீர் தெளித்து, சட்டியில் ஒட்டியதைச் சுரண்டி மறுபடி கிளற வேண்டும். 15 நிமிடமாவது ஆகும். அளவு பாதிக்கும் கீழே இறங்கியதும் எண்ணெயை ஊற்றி, இன்னும் 10 நிமிடம்.

எண்ணெயை முதலிலேயே ஊற்றினால் வெங்காயத்தின் ஓரங்கள் பொரிந்து முறுகிவிடும், துண்டுகள் துண்டுகளாகவே குழம்பில் மிதக்கும். பிரியாணிக்கு அது சரி. இங்கே வெங்காயம் உருக்குலைந்து போக வேண்டும், சாப்பிடுபவருக்கு வெங்காயம் போட்டதே தெரியக் கூடாது.

சின்ன வெங்காயம் போடலாமா? மிக்ஸியில் அடிக்கலாமா?

சின்ன வெங்காயம் அருமையாக வரும், எத்தியோப்பியச் சந்தைகளில் கிடைக்கும் சிவப்பு வெங்காயமும் பெரும்பாலும் சின்னதுதான். அரைக் கிலோ உரிக்கப் பொறுமை இருந்தால் செய்யுங்கள், அல்லது வீட்டில் யாரையாவது உட்கார வையுங்கள். மிக்ஸியில் விட்டு விட்டு இரண்டு சுற்று சுற்றி எடுக்கலாம், விழுதாக அரைத்தால் கசக்கும்.

பெர்பெரே எங்கே கிடைக்கும்? நாமே செய்ய முடியுமா?

லண்டன், டொராண்டோ, வாஷிங்டன் மாதிரி எத்தியோப்பியர்களும் எரித்திரியர்களும் நிறைய வாழும் ஊர்களில் இருப்பவர்கள் அவர்கள் கடைக்கே போய் வாங்கிவிடுங்கள், வீட்டில் செய்வதைவிட அது நன்றாக இருக்கும். பெரிய சூப்பர்மார்க்கெட்டில் சின்னப் பாட்டிலில் விற்பது பல நேரம் மிளகாய்த்தூளில் கொஞ்சம் பட்டை, கிராம்பு கலந்த சமாச்சாரம்.

அங்கே பெர்பெரே செய்வது பெரிய வேலை. காய்ந்த மிளகாயை இடித்து, பச்சைப் பூண்டு, இஞ்சி, வெங்காயம், மணமான இலைகள் எல்லாம் சேர்த்துப் பிசைந்து, வெயிலில் நாள்கணக்கில் உலர்த்தி, வறுத்த மசாலாச் சாமான்களோடு சேர்த்து மில்லில் அரைத்து வருவார்கள். நம் வீடுகளில் மொட்டை மாடியில் மிளகாய் காயப்போட்டு மாவு மில்லுக்குத் தூக்கிப்போகும் அதே கதைதான், கூடுதலாகப் பூண்டும் இஞ்சியும் சேர்ந்தே காய்கின்றன. அடிஸ் அபாபாவின் மெர்காட்டோ சந்தையில் மசாலாவுக்கென்றே தனிப் பகுதி உண்டு.

வீட்டில் சுருக்கமாகச் செய்ய: காம்பும் விதையும் நீக்கிய காய்ந்த மிளகாய் 60 கிராம் (முக்கால் பங்கு காஷ்மீரி, கால் பங்கு நம் நீட்டு மிளகாய்), தனியா 2 தேக்கரண்டி, வெந்தயம் 1 தேக்கரண்டி, ஓமம் முக்கால், கருஞ்சீரகம் அரை, மிளகு அரை, ஏலக்காய் 6, கிராம்பு 4, பட்டை ஒரு சின்னத் துண்டு. மிளகாயைத் தனியாக, மற்றதைத் தனியாக, சின்னத் தீயில் வாசம் வரும்வரை மட்டும் வறுத்து ஆறவிட்டு அரைத்து, சுக்குத்தூள் 1 தேக்கரண்டி, உலர்ந்த பூண்டுத்தூள் 1 தேக்கரண்டி கலந்து சலியுங்கள். வெந்தயம் கறுத்தால் மொத்தமும் கசந்துவிடும், அதை மட்டும் கண் எடுக்காமல் பாருங்கள்.

இதில் பாதிச் சாமான் நம் அஞ்சறைப் பெட்டியில் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஓமமும் கருஞ்சீரகமும் அவர்கள் பெர்பெரேயிலும் அதே ஓமம், அதே கருஞ்சீரகம்தான். அவர்கள் போடும் பெசொபெலா என்ற இலைக்கு திருநீற்றுப்பச்சிலை ரொம்ப நெருக்கம், கிடைத்தால் நிழலில் உலர்த்தி ஒரு தேக்கரண்டி சேருங்கள். கோரரிமா ஒன்றுதான் நம்மிடம் இல்லாதது. ஏலக்காய்க் குடும்பத்தைச் சேர்ந்த பெரிய காய், வாசம் கொஞ்சம் கற்பூரத்தின் பக்கம் சாயும். நம் பச்சை ஏலக்காயோடு ஒரே ஒரு கருப்பு ஏலக்காயின் விதையைச் சேர்த்தால் ஓரளவு கிட்டே போகலாம்.

காற்றுப் புகாத பாட்டிலில் போட்டு ஃபிரிட்ஜில் வைத்தால் ஆறு மாதம் வரை வாசம் நிற்கும்.

சாம்பார் பொடி, கறி மசாலா போட்டு ஒப்பேற்றலாமா?

சாம்பார் பொடி வேண்டவே வேண்டாம், அதில் பருப்பும் பெருங்காயமும் இருக்கும். யாழ்ப்பாணத்துக் கறித்தூள் வைத்திருப்பவர்கள் அவசரத்துக்கு அதில் ஓமம், ஏலக்காய், சுக்கு கலந்து போடலாம், அதில் பெருஞ்சீரக வாசம் தூக்கலாக இருக்கும் என்பதைத் தெரிந்துகொண்டு செய்யுங்கள். நன்றாகவே இருக்கும், வேறு குழம்பாக இருக்கும், அவ்வளவுதான்.

பெர்பெரேயை எப்போது போடுவது?

வெங்காயமும் எண்ணெயும் ஒன்றானதும், தீயைக் குறைத்துவிட்டு. போட்டவுடன் வெங்காயம் முழுக்க ஈரமான சிவப்பு விழுதாகிவிடும். இரண்டு மூன்று கரண்டி சுடுதண்ணீர் ஊற்றிக் கிளறி, அது வற்றியதும் இன்னொரு கரண்டி, இப்படியே 10 நிமிடம். தண்ணீர் இருப்பதால் மசாலா கருகாது, எண்ணெய் இருப்பதால் வதங்கும். எப்போது போதும் என்று மூக்கே சொல்லிவிடும்: முதலில் தும்மல் வரவைத்த மிளகாய் நெடி போய் ஒரு இனிப்பான, ஆழமான வாசம் வரும், ஓரங்களில் சிவந்த எண்ணெய் பிரிந்து நிற்கும். நிறம் பளிச்சென்ற சிவப்பிலிருந்து ஒரு படி கறுத்திருக்கும். அதன் பிறகு இடித்த பூண்டு, இஞ்சி, இன்னும் மூன்று நிமிடம். இந்த நிலையில் இருக்கும் விழுதைத் தனியாக எடுத்து ஃபிரீசரில் வைத்துக்கொள்ளலாம், வேலை நாட்களில் பருப்பு மட்டும் போட்டால் அரை மணியில் சாப்பாடு தயார்.

பருப்பை குக்கரில் வேகவைத்துச் சேர்த்தால் நேரம் மிச்சமாகுமே?

மிச்சமாகும், ஆனால் குழம்பு ஒன்றும் பருப்பு ஒன்றுமாகத் தனித்தனியாக நிற்கும். பருப்பைக் கழுவி, பத்து நிமிடம் ஊறவைத்து, வடித்து அந்தச் சிவப்பு விழுதிலேயே போட்டு ஒரு நிமிடம் பிரட்டி, பிறகு சுடுதண்ணீர் ஊற்றுங்கள். முதலில் அரை லிட்டர், மீதியைத் தேவைப்படும்போது. மூடியைப் பாதி திறந்து சின்னத் தீயில் 20 முதல் 25 நிமிடம். மைசூர் பருப்புக்கு குக்கர் தேவையே இல்லை. அடிக்கடி கிளறுங்கள், கெட்டியாகும்போது தெறிக்கும், வெள்ளைச் சட்டையோடு பக்கத்தில் நிற்காதீர்கள்.

பாதிப் பருப்பு கரைந்து பாதி உருத் தெரிந்து இருக்கும்போது உப்புப் பார்த்துப் போடுங்கள். கடையில் வாங்கிய பெர்பெரேயில் உப்பு இருக்கலாம், அதனால்தான் கடைசி வரை தள்ளிப் போடுவது.

இறக்கும்போது தாளிக்க வேண்டாமா?

வேண்டாம். கடுகு, கறிவேப்பிலை, பெருங்காயம், கொத்தமல்லித்தழை ஒன்றுமே வேண்டாம். கை அரிக்கும், தெரியும். பருப்பு என்றாலே கடைசியில் ஒரு 'சொய்' சத்தம் கேட்க வேண்டும் என்று நாம் பழகிவிட்டோம். இங்கே அந்த வேலையெல்லாம் முதலிலேயே வெங்காயத்திலும் பெர்பெரேயிலும் முடிந்துவிட்டது. கடுகும் கறிவேப்பிலையும் விழுந்த நிமிடமே அது காரப் பருப்புக் கூட்டாக மாறிவிடும்.

கடைசியில் ஏதாவது செய்தே ஆக வேண்டும் என்றால் அதற்கும் அவர்களிடம் வழி இருக்கிறது. மெகெலெஷா என்று ஒரு வாசனைப் பொடி: மிளகு, திப்பிலி வகை, கோரரிமா, கிராம்பு, பட்டை, ஜாதிக்காய் போன்றவற்றின் கலவை, வீட்டுக்கு வீடு மாறும். அரைத் தேக்கரண்டி தூவி மூடி, அடுப்பை அணைத்து ஐந்து நிமிடம் விட்டால் போதும். நம் நாட்டு மருந்துக் கடைத் திப்பிலியே இதற்குப் பொருத்தமாக இருக்கும்.

மசாலா நெய் போட வேண்டும் என்று சில குறிப்புகளில் இருக்கிறதே?

அது நித்திர் கிபே. வெண்ணெயை வெங்காயம், பூண்டு, இஞ்சி, வெந்தயம், ஏலக்காய் வகை, ஓமம், கொஞ்சம் மஞ்சள் எல்லாம் போட்டு மெல்ல உருக்கி வடிகட்டுவது. அவர்கள் கோசெரெத் என்று ஒரு உலர்ந்த இலையும் போடுவார்கள், இங்கே அது கிடைக்காது. நோன்பில்லாத நாளில் கோழிக் குழம்பான தோரோ வொட்டுக்கெல்லாம் இதுதான். மிசிர் வொட் நோன்பு நாள் உணவாக இருப்பதால் அங்கே எண்ணெயில் செய்வதே வழக்கம். சூரியகாந்தி எண்ணெய் போதும், நல்லெண்ணெய் வாசம் முந்திக்கொண்டு நிற்கும். உங்களுக்கு நோன்பு இல்லையென்றால் இறக்கும்போது ஒரு தேக்கரண்டி நித்திர் கிபே விடுங்கள், யார் தடுக்கப் போகிறார்கள்.

தக்காளி?

சிலர் ஒரு கரண்டி தக்காளி விழுது போடுகிறார்கள். நான் போட மாட்டேன். வெங்காயத்தை ஒழுங்காக வதக்கினால் அந்த இனிப்புக்கும் நிறத்துக்கும் தக்காளி தேவைப்படாது, புளிப்பு இன்ஜெராவிலிருந்து வந்துவிடும். புளி, தேங்காய்ப்பால் இரண்டும் பேச்சுக்கே இடமில்லை.

செய்து பார்த்தேன், கசக்கிறது. என்ன காரணம்?

மூன்றில் ஒன்று: பெர்பெரே கருகியிருக்கும், வெந்தயம் அதிகம் வறுபட்டிருக்கும், அல்லது வெங்காயத்தை அரைத்திருப்பீர்கள். கருகியதைச் சரிசெய்ய வழி கிடையாது, சர்க்கரை போட்டு மறைக்கப் பார்த்தால் இன்னும் மோசமாகும். பச்சை வாசம் அடிக்கிறது என்றால் அது வேறு பிரச்சினை, பெர்பெரே வதங்கவில்லை. இதற்கு மருந்து உண்டு: சின்னத் தீயில் இன்னும் 15 நிமிடம், தண்ணீர் சேர்த்துச் சேர்த்து. நீர்த்துப் போனால் மூடியைத் திறந்து வற்ற விடுங்கள், ஆறினால் எப்படியும் ஒரு சுற்றுக் கெட்டியாகும்.

குழந்தைகளுக்கு இந்தக் காரம் ஆகாது. பெர்பெரேயைக் குறைக்கலாமா?

இரண்டு கரண்டியை ஒன்றரை ஆக்கலாம். அரைக் கரண்டி ஆக்கினால் சோகையான, பெயருக்கு ஒரு குழம்புதான் வரும். காரமில்லாதவர்களுக்கு அவர்களே தனியாக ஒன்று வைத்திருக்கிறார்கள், கிக் அலிச்சா. உடைத்த மஞ்சள் பட்டாணி, வெங்காயம், பூண்டு, இஞ்சி, மஞ்சள்தூள், இறக்கும்போது கீறிய பச்சை மிளகாய் ஒன்றிரண்டு. பட்டாணிப் பருப்பு என்று கேட்டால் கிடைக்கும். இது வேக நேரமாகும், இதற்கு வேண்டுமானால் குக்கரை எடுங்கள். சிவப்பும் மஞ்சளுமாக இரண்டையும் ஒரே தட்டில் வைப்பதுதான் அங்கே வழக்கம், காரம் தாங்காதபோது மஞ்சள் பக்கம் ஒதுங்கிக்கொள்ளலாம்.

ஷிரோ என்பதும் இதுதானா?

உறவு, ஆனால் வேறு. ஷிரோ மாவில் செய்வது. கொண்டைக்கடலை, பட்டாணி, மொச்சை வகைகளை வறுத்து மசாலாவோடு அரைத்த மாவு. ஆப்பிரிக்காவில் கொண்டைக்கடலை அதிகம் விளையும் நாடு எத்தியோப்பியா, அதனால் ஆச்சரியமில்லை. மேலே சொன்ன அதே வெங்காயம், பெர்பெரே விழுதில் தண்ணீர் ஊற்றிக் கொதிக்கவிட்டு, மாவைக் கட்டி விழாமல் தூவிக் கிளறினால் 15 நிமிடத்தில் ஷிரோ வொட். கடலை மாவை வெறும் சட்டியில் நன்றாக வறுத்து அதில் ஒரு தேக்கரண்டி பெர்பெரே கலந்தால் வீட்டு ஷிரோ மாவு ஆகிவிடும். வறுக்காமல் போட்டால் பஜ்ஜி மாவு வாசம்தான் வரும். சின்ன மண்சட்டியில் கொதிக்கக் கொதிக்கக் கொண்டுவந்து வைக்கும் கெட்டியான ஷிரோவுக்கு தெகாபினோ என்று பெயர், வாயைச் சுட்டுக்கொள்ளாமல் அதைச் சாப்பிட்டவர் குறைவு.

இன்ஜெரா இல்லாமல் எதோடு சாப்பிடுவது?

இன்ஜெரா டெஃப் என்ற கசகசா அளவே உள்ள சிறிய தானியத்தின் மாவை இரண்டு மூன்று நாள் புளிக்கவைத்து, மிதாத் என்ற பெரிய வட்டக் கல்லில் ஊற்றி, மூடி, ஒரு பக்கம் மட்டும் வேகவைப்பது. திருப்பிப் போடுவது கிடையாது. மேல்புறம் முழுக்கக் குட்டிக் குட்டிக் கண்கள் விழுந்திருக்கும், குழம்பு அதில்தான் இறங்கும். டெஃப் மாவு கிடைக்கும் ஊரில் இருந்தால் செய்து பாருங்கள், அது தனிப் பக்கம் எழுதும் அளவுக்குப் பெரிய விஷயம்.

கிடைக்காதவர்கள் நன்றாகப் புளித்த தோசை மாவில் பாதி அளவு கேழ்வரகு மாவு கலந்து, இன்னும் ஆறு மணி நேரம் விட்டு, எண்ணெய் விடாமல் ஊற்றி மூடி ஒரு பக்கம் மட்டும் வேகவையுங்கள். முறுகக் கூடாது, மடித்தால் உடையாமல் மடிய வேண்டும். ஆப்பமும் சரி. சப்பாத்தியில் புளிப்பு இல்லாததால் குழம்பின் காரம் மட்டும் தனியாகத் தெரியும், பக்கத்தில் எலுமிச்சை பிழிந்த தக்காளி வெங்காயம் பச்சை மிளகாய் வைத்துக்கொண்டால் சமாளிக்கலாம். அங்கேயும் அந்தத் தக்காளிக் கலவை வைப்பார்கள். சோற்றில் போட்டுப் பிசைந்து சாப்பிடுபவர்களை நான் ஒன்றும் சொல்ல மாட்டேன்.

அவர்கள் முறைப்படி எப்படிப் பரிமாறுவது?

எல்லாருக்கும் ஒரே தட்டு. பெரிய வட்டத் தட்டில் ஒரு இன்ஜெராவை விரித்து, அதன் மேல் குழம்புகளைக் குவியலாக வைத்து, கிள்ளிச் சாப்பிடக் கூடுதல் இன்ஜெராவைச் சுருட்டிப் பக்கத்தில் வைப்பார்கள். வலது கைதான், இது நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. நாம் சோற்றைப் பிசைவோம், அவர்கள் பிசைய மாட்டார்கள்: ஒரு துண்டு கிள்ளி, அதாலேயே குழம்பைச் சுற்றிப் பிடித்து, விரலில் படாமல் வாயில் போடுவார்கள். உங்களுக்குப் பிரியமானவர் வாயில் நீங்களே ஒரு பெரிய கவளத்தை ஊட்டலாம், அதற்கு குர்ஷா என்று பெயர். யாராவது ஊட்ட வந்தால் வாயைத் திறந்துவிடுங்கள், மறுப்பது மரியாதையில்லை. அடியில் விரித்திருந்த இன்ஜெரா எல்லாக் குழம்பையும் குடித்து ஊறியிருக்கும், அதைக் கடைசியில் சாப்பிட வேண்டும், அதற்காகவே வயிற்றில் இடம் வையுங்கள்.

மிச்சமானதை எத்தனை நாள் வைக்கலாம்?

ஃபிரிட்ஜில் மூன்று நாலு நாள், ஃபிரீசரில் இரண்டு மாதம். மறுநாள் ருசி கூடும், விருந்துக்குச் செய்வதென்றால் முந்தின நாளே செய்துவிடுங்கள். சூடாக்கும்போது கொஞ்சம் சுடுதண்ணீர் விட்டுக் கரைத்துக்கொள்ள வேண்டும், அப்படியே வைத்தால் அடி பிடிக்கும். இன்ஜெராவும் மிச்சமிருந்தால் அதைப் பிய்த்துப் போட்டு, குழம்போடு சட்டியில் பிரட்டி எடுத்தால் காலை உணவுக்கு ஃபிர்ஃபிர். மேலே சொன்ன கேழ்வரகு தோசையையும் இப்படியே செய்யலாம், கொத்துப் பரோட்டா பிடித்தவர்களுக்கு இது நிச்சயம் பிடிக்கும்.